வெல்லப் பாகு இல்லாத காலைப் பார்: மாவுச்சத்து குறைந்த சிற்றுண்டியைப் படிப்படியாகச் செய்யும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்பவர்களுக்குக் காலை உணவுதான் முதலில் கைநழுவுகிறது. ஆறே முக்கால் மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குள் இட்லிப் பானை அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத நாளில் பேருந்து நிலையத்து ஓட்டலில் பொங்கலும் வடையும், அதற்கும் நேரமில்லாத நாளில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் என்றுதான் பல ஆண்டுகள் எனக்குக் கழிந்தன. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொல்லி, காலை வேளையில் மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) குறைக்கச் சொன்ன பிறகே, கையில் எடுத்துச் செல்லக்கூடிய வேறு உணவைத் தேடத் தொடங்கினேன். இது என் ஒருவனுடைய கதை மட்டுமல்ல. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ (ICMR-INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகளில் நீரிழிவு மிகுந்த பகுதிகளாக முன்னணியில் நின்றவை 26.4 விழுக்காட்டுடன் கோவாவும், 26.3 விழுக்காட்டுடன் புதுச்சேரியும்தான்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு ‘காலையில் பார்’ என்று எழுதினால் அதற்கு வேறு பொருள் கொள்வோர் உண்டு என்பது தெரியும். ஆனாலும் கடைகளில் எல்லோரும் வழங்கும் சொல் அதுதான் என்பதால், பருப்புகளையும் விதைகளையும் அழுத்திச் சுட்டு நீளத் துண்டுகளாக வெட்டிய சிற்றுண்டியை இங்கே பார் என்றே குறிப்பிடுகிறேன்.

எவ்வளவு குறைந்தால் குறைவு?

ஒரு நாளில் 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து கொண்ட உணவு முறையையே மருத்துவ எழுத்துகளில் பெரும்பாலும் மாவுச்சத்து குறைந்த உணவு என்கிறார்கள். நடுத்தர அளவுள்ள இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நான்கு இட்லியிலேயே 40 கிராம் ஆகிவிடுகிறது. இட்லியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மதியம் ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும் என்ற ஆசை இருப்பவர், அதற்கான இடத்தைக் காலையிலேயே ஒதுக்கி வைக்கலாம் என்பதுதான் கணக்கு. கீழே தரும் அளவில் செய்தால் ஒரு பாரில் மொத்த மாவுச்சத்து சுமார் 6 கிராம் இருக்கும். அதில் பாதிக்கும் மேல் செரிக்காமல் கழியும் நார்ச்சத்து என்பதால், ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வது 3 கிராமுக்குள் நிற்கும்.

கடையில் ‘எனர்ஜி பார்’ என்று விற்பவற்றில் பல இந்தக் கணக்கில் தேறுவதில்லை. ஓட்ஸில் 100 கிராமுக்கு 66 கிராம், உலர்ந்த பேரீச்சையில் ஏறத்தாழ 75 கிராம், தேனில் 82 கிராம் மாவுச்சத்து உண்டு. இம்மூன்றையும் சேர்த்துப் பிசைந்துவிட்டு உறையில் இலைப் படம் போடுவதால் மட்டும் அது குறைந்த மாவுச்சத்துப் பண்டம் ஆகிவிடாது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பொருள்களின் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால், ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் அது சர்க்கரைக்குச் சற்றும் குறைந்ததில்லை. மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் சர்க்கரையைவிடக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனாலும் ஏற்றும், அளவு மிஞ்சினால் வயிற்றையும் இளக்கிவிடும்.

வீட்டில் செய்பவர்கள் தடுமாறும் இடங்கள் வேறு. வெள்ளைச் சர்க்கரையை நீக்கிவிட்டு நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்த்தால் மாவுச்சத்துக் கணக்கு அசையவே அசையாது. கம்பு, தினை ஆகியவை நல்ல உணவுகள்தாம். ஆனால் அவற்றின் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்தே. பொட்டுக்கடலையும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது. கலவை இளகிவிட்டதே என்று ஒரு கை பொட்டுக்கடலை மாவைத் தூவிக் கெட்டியாக்கும் பழக்கம் நம் சமையலறைகளில் உண்டு. இந்தப் பண்டத்தில் அதைக் கைவிட வேண்டும்.

பாகு செய்துவந்த வேலையை யார் செய்வது?

நம் நாட்டின் மூத்த பார் கடலை மிட்டாய்தான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயானாலும், நம் தெருமுனைப் பெட்டிக்கடைக் கண்ணாடிச் சாடியில் இருக்கும் கடலை உருண்டையானாலும், அதில் இருப்பவை கடலையும் வெல்லமும்தான். வெல்லம் அங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை. காய்ச்சிய பாகு முறுகிய பதத்துக்கு வந்து ஆறும்போது கண்ணாடிபோல் இறுகிக் கடலைகளைப் பிணைக்கிறது. நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சை வளராமலும் காக்கிறது. வெல்லத்தை நீக்கும்போது இனிப்போடு ஒட்டும் தன்மையும் கெடாத்தன்மையும் சேர்ந்தே போய்விடுகின்றன. புதிதாகச் செய்பவர்கள் இனிப்புக்கு மட்டும் மாற்றுத் தேடிக்கொண்டு, மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் முதல் முறை செய்த பார் கைபட்டவுடன் உதிர்கிறது, நான்காம் நாள் ஊசிப்போகிறது.

ஒட்டுவதற்கு மூன்று பொருள்கள் துணை. முட்டை, சூட்டில் இறுகிப் பிணைக்கும். ஆளிவிதைப் பொடி நீரில் ஊறினால் வெண்டைக்காய்போல் கொழகொழப்பைத் தரும். மூன்றாவது, வறுத்த வேர்க்கடலையையே எண்ணெய் கக்கும்வரை அரைத்த விழுது. இவற்றில் ஒன்றை மட்டும் கொண்டு செய்தால் கல்லாகவோ களியாகவோ ஆகிவிடும். மூன்றும் சேர்ந்தால்தான் கடித்தால் உடையும், கையில் எடுத்தால் உதிராத பார் கிடைக்கும்.

பொருள்களும் அவற்றை வாங்கும் விதமும்

பன்னிரண்டு பார்களுக்கு வேண்டியவை: வேர்க்கடலைப் பருப்பு 150 கிராம், உடைத்த முந்திரி 30 கிராம், தோல் நீக்கிய பூசணி விதை 50 கிராம், வெள்ளை எள் 40 கிராம், உலர்ந்த கொப்பரைத் துருவல் 50 கிராம், ஆளிவிதை 40 கிராம், முட்டை 2, நெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கிராமில் நிறுக்கச் சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் நல்லது, ஏனெனில் தேங்காய்த் துருவலையும் விதைகளையும் கிண்ணத்தால் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு வரும்.

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மணிலா என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. பருப்பை வாங்கியதும் ஒரு தட்டில் பரப்பி, சுருங்கியவை, கறுத்தவை, பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பூத்திருப்பவை அனைத்தையும் பொறுக்கி எறிய வேண்டும். கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கக்கூடியது. வறுத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. மழை மாதங்களில் வாங்கும் கடலைக்கு இந்தப் பொறுக்கும் வேலை இரட்டிப்பாகும். வாயில் போட்ட ஒரு பருப்பு கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

முந்திரியில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் மயங்குவார்கள். பண்ருட்டி பக்கத்தில் உறவினர் இருந்தால் ஆண்டுக்கு ஒரு பை முந்திரி வீடு தேடி வந்துவிடும். ஆனால் 100 கிராம் வேர்க்கடலையில் 16 கிராம் மாவுச்சத்து இருக்க, அதே அளவு முந்திரியில் 30 கிராம் இருக்கிறது. நார்ச்சத்தோ 3 கிராம்தான். ஆகவே மணத்துக்காக 30 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எப்படியும் உடைக்கப் போவதால் முழுப் பருப்புக்கு விலை கொடுக்கத் தேவையில்லை, உடைசல் போதும். (முழுப் பருப்பின் தரத்தைக் குறிக்கும் 320 என்ற எண், ஒரு பவுண்டு எடையில் அதிகம்போனால் அத்தனை பருப்புகள் நிற்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது.)

பூசணி விதையும் ஆளிவிதையும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும், கடலூரில் நாட்டு மருந்துக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். ஆளிவிதையை முழு விதையாக வாங்கிச் செய்யும் நாளில் பொடித்துக்கொள்வதே சரி. பொடியாக வாங்கியது பல நாள் கடையில் இருந்திருந்தால் அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய்க்கு உலர்ந்த கொப்பரை மட்டுமே பயன்படும். பச்சைத் தேங்காயின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால், அதைச் சேர்த்த பார் இரண்டாம் நாளே நூல்விடத் தொடங்கும்.

வறுத்தல்

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் எள் கருகும்போது கடலை பச்சையாகவே இருக்கும். கனமான இரும்பு வாணலியில், சிறு தீயில், எண்ணெய் விடாமல், ஒவ்வொன்றாக வறுக்க வேண்டும். முதலில் கடலை: பத்துப் பன்னிரண்டு நிமிடம் கை ஓயாமல் கிளற, தோல் ஆங்காங்கே வெடித்து, ஒரு பருப்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே இளம்பொன் நிறமாக இருக்கும். அதைத் துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். அடுத்து முந்திரி, பூசணி விதை. பூசணி விதை தட்டையாக இருந்தது உப்பி, பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். எள் பொரிய இரண்டு நிமிடம் போதும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியில் மிஞ்சிய சூட்டிலேயே கொப்பரைத் துருவலைப் புரட்டினால் அதன் ஈரம் போய்விடும். நிறம் மாற விடக் கூடாது.

அரைத்தல்

கடலையை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு, அதாவது 50 கிராம், சூடு ஆறுவதற்குள் சிறிய மிக்சி ஜாரில் போகவேண்டும். முதலில் தூளாகும், பிறகு ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கும், வழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் மூன்று நான்கு நிமிடத்தில் எண்ணெய் கக்கித் தோசை மாவுபோல் தளர்ந்து பளபளக்கும். இடையிடையே நிறுத்தாமல் ஓட்டினால் மிக்சி சூடேறி நின்றுவிடும். இரண்டாம் பங்கை முந்திரியோடு சேர்த்து, பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, ரவையைவிடச் சற்றுப் பருமனாக உடைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பங்கைக் கைவைக்காமல் பாதிப் பருப்புகளாகவே விட வேண்டும். விழுது ஒட்டும், குருணை இடைவெளியை அடைக்கும், பாதிப் பருப்பு கடிபடும்.

பல் செட் கட்டியிருக்கும் என் மாமனாருக்காகச் செய்யும்போது மட்டும் மூன்றாம் பங்கையும் குருணையாக்கிவிடுகிறேன். அது கொஞ்சம் பொரிவிளங்காய் உருண்டை உதிர்ந்ததுபோல் இருக்கிறது என்பது என் கருத்து. அவருக்கு அதுவே பிடித்திருக்கிறது.

சுவை: காரமா, இனிப்பா?

இந்த இடத்தில் என் சார்பை மறைக்க விரும்பவில்லை. இனிப்புப் பாரில் வெல்லத்துக்கு ஈடாக எதையாவது நிரப்பியே ஆக வேண்டியிருக்கிறது. சீனித்துளசிப் பொடி இனிப்பைத் தரும், ஆனால் சற்று மிஞ்சினால் நாக்கின் ஓரத்தில் கசக்கும். எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு ரத்தச் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றுவதில்லை என்றாலும், வாயில் பெப்பர்மிண்ட் போட்டதுபோல் ஒரு குளிர்ச்சியைத் தருவதோடு, பார் ஆறிய பின் மணல்போல் பூக்கவும் செய்கிறது. காரப் பாருக்கோ இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. நம் நாக்கு காலையில் தேடுவது மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும்தான். அவற்றுக்கு மாற்றாக எதையும் தேட வேண்டியதில்லை.

ஒரு தேக்கரண்டி மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் போக உலர்த்தி, நெய்யில் மொறுமொறுவென்று பொரித்து நொறுக்குங்கள். அந்த நெய்யில் கால் தேக்கரண்டி பெருங்காயத்தைப் போட்டு இறக்கிவிடுங்கள். இனிப்பாகவே வேண்டுமென்பவர்கள் மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றுக்குப் பதில் ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, எரித்ரிட்டால் 40 கிராம் சேர்க்கலாம்.

பிசைந்து அழுத்துதல்

முட்டைகளை அகன்ற பாத்திரத்தில் உடைத்து ஊற்றி, உப்பு, ஆறிய நெய், கடலை விழுது ஆகியவற்றைச் சேர்த்து ஒன்றாகும்வரை அடித்துக்கொள்ளுங்கள். ஆளிவிதைப் பொடியைத் தூவிக் கலந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை சளசளவென்று ஒழுகாமல் கனத்து இழுபடும். அதன் பிறகே வறுத்த பொருள்களும் மசாலாவும் உள்ளே போக வேண்டும், அதுவும் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பின். முதன்முறை நான் அவசரப்பட்டு வாணலியிலிருந்து நேரே கொட்டினேன். பாத்திரத்திலேயே முட்டை வெந்து, பார் செய்யப் போன இடத்தில் கடலை போட்ட முட்டைப் பொடிமாஸ் கிடைத்தது. அன்று அதையே சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

பதம் பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்துப் பிடிகொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். கையில் ஈரமாக அப்பினால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி சேர்க்கலாம்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பரை விரித்து, கலவையைப் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து, தட்டையான அடிப்பாகமுள்ள எவர்சில்வர் டம்ளரால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக்கொண்டே வாருங்கள். இந்த அழுத்தத்தில்தான் பாரின் உறுதி இருக்கிறது. கை வலிக்கும் அளவுக்கு அழுத்தினால் சுண்டுவிரல் பருமனில் தட்டையான பலகை கிடைக்கும்.

சுடுதல்

ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடேற்றி, 20 முதல் 25 நிமிடம், ஓரங்கள் பொன்னிறமாகும்வரை சுடுங்கள். மேல்பக்கம் முந்திச் சிவந்தால் ஒரு தாளால் மூடிவிடலாம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு விரற்கடை உப்பைப் பரப்பி, அதன் மேல் வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, தட்டை இறக்கிச் சிறு தீயில் 30 முதல் 35 நிமிடம் வைக்கலாம். குக்கரைப் பயன்படுத்தினால் வெயிட்டும் ரப்பர் வளையமும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த முறையில் மேற்புறம் நிறம் ஏறாது, சுவைக்குக் குறையில்லை.

வெளியே எடுத்த தட்டை இளஞ்சூடாகும்வரை தொடாதீர்கள். பின்பு தாளோடு தூக்கிப் பலகையில் வைத்து, நடுவில் ஒரு வெட்டு, குறுக்கே ஐந்து வெட்டு என்று பன்னிரண்டு நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். கத்தியை அரம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் ஓரம் நொறுங்கும். கனமான கத்தியை வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இத்தோடு வேலை முடிவதில்லை. நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, ஒருமுறை சுட்ட பார் மாலைக்குள் நமுத்துவிடும். ரஸ்க்கை இரண்டு முறை சுடுவதைப்போல, வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் அடுக்கி 120 டிகிரியில் இன்னும் 15 நிமிடம் வைத்தால், வெட்டுப்பட்ட பக்கங்களும் உலர்ந்து இறுகும். பாகு தந்த காவலை ஈடுசெய்வது இந்த இரண்டாம் சூடுதான். அடுப்பு முறையில் செய்பவர்கள் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி எடுக்கலாம்.

எடுத்து வைத்தல்

முழுமையாக ஆறிய பின் மட்டுமே டப்பாவில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும் நீர் மீண்டும் பாரிலேயே சொட்டும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இரண்டு நாள், குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம், உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைப்பதை நினைக்கவே வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்து மின்சாரம் நின்றுபோகும் நாள்களுக்கு முன்பாகப் பெரிய அளவில் செய்துவிடாதீர்கள்.

சாப்பிடும் அளவும் எச்சரிக்கையும்

ஒரு பார் ஏறத்தாழ 35 கிராம் எடையில் 195 கலோரியும் 7 கிராம் புரதமும் தரும். இரண்டு பாரும் ஒரு டம்ளர் உப்பு மோரும் ஒரு காலை உணவுக்குச் சரி. மாவுச்சத்து குறைவு என்பதற்குக் கலோரி குறைவு என்று பொருளில்லை என்பதால், பேருந்தில் நேரம் போகாமல் மூன்றாவது துண்டை எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பாரோடு குடிக்கும் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால், ஒரு பாரில் இருப்பதைவிட அதிக மாவுச்சத்து அந்த டம்ளரிலேயே வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான் நான் சர்க்கரை இல்லாத காபிக்கு மாறினேன், மகிழ்ச்சியோடு அல்ல.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் காலை மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். டப்பாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மருந்து எடுப்பவர்களுக்கு வேறு வகை ஆபத்தும் உண்டு. இவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பருப்புகளிலும் விதைகளிலும் மிகுந்துள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஆகாமல் போகலாம். கடலை, எள், முட்டை ஒவ்வாதவர்கள் இருக்கும் வீட்டில் டப்பாவின் மேல் பெயர் எழுதி வையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவி வீட்டில் இருந்தால், இட்லி சாப்பிட்ட ஒரு நாளும் பார் சாப்பிட்ட ஒரு நாளும் இரண்டு மணி நேரம் கழித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கான விடை அந்த இரண்டு எண்களில் இருக்கும்.

முட்டை சேர்க்காத வீடுகளில், 40 கிராம் ஆளிவிதைப் பொடியோடு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமியும் சேர்த்து, 120 மில்லி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்த கொழகொழப்பைப் பயன்படுத்தலாம். இந்தப் பார் சற்று மெத்தென்றிருக்கும். இரண்டாம் சூட்டைப் பத்து நிமிடம் கூட்ட வேண்டும், ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடவும் வேண்டும். முதல் முயற்சியைப் பாதி அளவில், ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சில துண்டுகள் உதிரத்தான் செய்யும். உதிர்ந்ததைத் தனி டப்பாவில் போட்டு வைத்தால், மறுநாள் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் தூவிச் சாப்பிடலாம். காரத் தூள் தயிரில் விழுந்து ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.